தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது தணிக்கை எங்கே இருக்கிறது?

கேட்டவர் ஒரு சிறு ஊரில் உள்ளூர்ச் செய்தி எழுதுகிற இளைஞர். கேள்வி இரண்டு. முதலாவது: "ஆர்.டி.ஐ. சட்டம் வந்து 20 வருடம் ஆகிவிட்டது. பத்து ரூபாய்க்கு அரசாங்கக் கோப்பையே கேட்கலாம் என்கிறார்கள். அப்படியிருக்க, தணிக்கை தணிக்கை என்று ஏன் இன்னும் புலம்புகிறீர்கள்?" இரண்டாவது: "எங்கள் பேரூராட்சியில் வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்கு எவ்வளவு பணம் போனது என்று கேட்டேன். 'தனிநபர் விவரம், வழங்க இயலாது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. இனி என்ன செய்வது?"

என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். ஏரித் தண்ணீரை மடையிலும் அடைக்கலாம், வாய்க்காலிலும் அடைக்கலாம். வயல் காய்வது ஒன்றுதான். கோப்பைத் தராமல் இருப்பது மடையை அடைப்பது. வெளியே வந்துவிட்ட விஷயத்தை மக்களிடம் போகவிடாமல் தடுப்பது வாய்க்காலை அடைப்பது. நான் வெகுகாலம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்துவிட்டு, இப்போது ஊரில் உட்கார்ந்து மனு போடுகிறவன். இரண்டு அடைப்பையும் பார்த்தாயிற்று. ஆனால் இன்றைக்குப் பெரிய தொல்லை மூன்றாவதாக ஒன்று: எதை அடைத்தோம், யார் சொல்லி அடைத்தோம் என்பதையே ரகசியமாக வைத்துக்கொள்வது. பழைய தணிக்கை கொடூரமானதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரிந்தது என்று ஏன் சொல்கிறேன்? சென்னையிலிருந்தே தொடங்குகிறேன். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மார்ச் 1-ஆம் தேதி, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று அரசு ஆணை போட்டது. அந்த ஆணை புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சாகி வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னையில் வக்கீலாக இருந்தவர். தடைக்கும் தீர்ப்புக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை. அதே நாளில், தில்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்பு இதழான 'ஆர்கனைசர்' மீது போட்டிருந்த முன்தணிக்கை ஆணையும் விழுந்தது. இடது ஒன்று, வலது ஒன்று.

அரசுக்கு இது பொறுக்கவில்லை. மறுவருடம் ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தமே இதற்காக வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தக் காரணங்களின் பட்டியலில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல் நுழைந்ததும் அப்போதுதான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்றுவரை வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து 1975. அந்த வருடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜூன் 25-இல் தொடங்குவார்கள். நான் ஜனவரி 24-இல் தொடங்குவேன்.

ராஜ் நாராயண் 1971 தேர்தலில் ரேபரேலியில் இந்திரா காந்தியிடம் தோற்றவர். அந்தத் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். பிரதமர் சுற்றுப்பயணம் வந்தால் பாதுகாப்புக்கு மாநில அரசு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு கையேடு இருந்தது. 'நீலப் புத்தகம்' என்று பெயர். அதைக் கோர்ட்டில் காட்டுங்கள் என்றார் அவர். ரகசியம், காட்ட முடியாது என்றது உத்தரப் பிரதேச அரசு. சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. புத்தகத்தை உடனே கொடு என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ரகசியம்தானா என்பதை உயர் நீதிமன்றமே பார்த்து முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனால் போகிற போக்கில் நீதிபதி கே.கே. மேத்யூ எழுதிவைத்தது நிலைத்துவிட்டது: அரசு ஊழியர்கள் பொதுவில் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் தெரிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு என்றார். இந்தியாவில் தகவல் உரிமை பற்றி எந்தத் தீர்ப்பைத் திறந்தாலும் இந்த இடத்துக்கு வந்துதான் போகும்.

அதே ராஜ் நாராயண் வழக்கில்தான் ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பதின்மூன்றாம் நாள் நெருக்கடி நிலை. தகவல் உரிமைக்கு விதை போட்ட வழக்கும், பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு வரக் காரணமான வழக்கும் ஒன்றுதான். இதைச் சொன்னால் சட்டம் படித்தவர்களே சில நேரம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஜூன் 25 இரவு தில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் கரண்டை நிறுத்தினார்கள். வேறு பகுதியிலிருந்து மின்சாரம் பெற்ற ஓரிரு பத்திரிகைகள் மட்டும் மறுநாள் வெளிவந்தன. 28-ஆம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றாக விட்டது. அதைப் பார்த்த தணிக்கை அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தலையங்க இடத்தை வெற்றாக விடக்கூடாது என்றே ஒரு உத்தரவு போட்டார்கள். எழுதினாலும் குற்றம், எழுதாமல் விட்டாலும் குற்றம். அந்த வெள்ளை இடம் அவர்களை அவ்வளவு உறுத்தியது, ஏனென்றால் அது வாசகனிடம் "இங்கே ஒன்று இருந்தது" என்று சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31 வரை நிலைமை கொஞ்சம் தேவலை. அதற்குப் பிறகு கட்சிக்காரர்கள் கொத்துக் கொத்தாக மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் உள்ளே போனார்கள். யார் யார் கைதானார்கள் என்று 'முரசொலி' எழுத முடியாது, தணிக்கை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைக்குக் கருணாநிதி ஒரு பட்டியல் போட்டார்: அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் யார் யார் என்று. அவ்வளவுதான். ஊர் ஊராகப் பெயர்கள். கைது என்ற சொல் இல்லை, சிறை என்ற சொல் இல்லை. படித்தவன் எவனுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அரசு மறைத்த தகவலை, நீத்தார் நினைவுச் செய்தியின் வேட்டியைக் கட்டிவிட்டு வெளியே நடக்கவிட்டார். செய்தி மேசையில் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தக் காலத்தின் இன்னொரு கூத்து. நாடாளுமன்றத்தில் பேசியதை உண்மையாக வெளியிட்டால் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பை 1956-இல் சட்டமாகக் கொண்டுவந்தவர் ஃபெரோஸ் காந்தி, இந்திராவின் கணவர். நெருக்கடி நிலையில் 1976-இல் அந்தச் சட்டத்தை மனைவியின் அரசே நீக்கியது. 1977-இல் ஜனதா ஆட்சி திரும்பக் கொண்டுவந்தது.

அதற்குப் பிறகு ஆர்.டி.ஐ. வரைக்குமான கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் அருணா ராயும் மற்றவர்களும் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், கிராமத்தில் வேலை செய்த கூலியாட்களின் வருகைப் பதிவேட்டைக் கேட்டது. செத்தவன் பெயரிலும் கூலி எழுதியிருந்தது. 1994 முதல் ஊர்நடுவில் பதிவேட்டை உரக்கப் படித்துக் கணக்குக் கேட்டார்கள். 1996-இல் பியாவர் ஊரில் 40 நாள் தர்ணா. 1997-இல் தமிழ்நாடு ஒரு தகவல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் முதல் மாநிலம் என்று பெருமை பேசலாம், ஆனால் விதிவிலக்குகளின் பட்டியல் சட்டத்தை விழுங்கிவிட்டது. மத்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுதாக நடைமுறைக்கு வந்தது. 1923-ஆம் வருடத்து அலுவல்சார் ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் இதுதான் மேலோங்கும் என்று 22-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது; சாவி மட்டும் ஒன்று கூடுதலாகக் கிடைத்தது.

அந்தச் சாவி வேலை செய்யுமா? செய்யும். எங்கள் தெரு மழைநீர் வடிகால் பாதியில் நின்றுபோனது. முதல் மனுவில் "பணி ஏன் முடிக்கப்படவில்லை?" என்று கேட்டேன். 'ஏன்' என்ற வினா தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று பதில். சட்டப்படி அது சரிதான். ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்கலாம், விளக்கம் கேட்க முடியாது. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னார்: "ஏன்னு கேக்காதீங்க சார். எம்-புக்கைக் கேளுங்க."

எம்-புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் தோண்டினான், எத்தனை மீட்டர் கான்கிரீட் போட்டான் என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுவது. அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸாகும். இரண்டாவது மனுவில் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், பில் நகல் என்று நான்கையும் கேட்டேன். 41 பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 82 ரூபாய் கட்டி வாங்கினேன். எம்-புக்கில் நீளம் 186 மீட்டர். பக்கத்து வீட்டுப் பையன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், நான் மறுமுனை. 121 மீட்டர்தான் வந்தது. மறுபடியும் அளந்தோம். அதே 121.

ஒரு பத்திரிகையின் உள்ளூர் நிருபரிடம் நகலைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "சூப்பர் மேட்டர் சார், ஆனா போட்டா விளம்பரம் நின்னுடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மடை திறந்தது, வாய்க்கால் அடைத்துக்கொண்டது. (எம்-புக் நகலை இணைத்து மேலதிகாரிக்கு எழுதிய மூன்றாம் வாரம் ஆட்கள் வந்து மிச்சத்தையும் கட்டிவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.)

விளம்பரத்தை வைத்து வாயை அடைப்பது எந்தக் கட்சியின் தனிச்சொத்தும் இல்லை. அவதூறு வழக்கும் அப்படித்தான். 2011-இலிருந்து ஐந்தாண்டுகளில் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் இருநூறைத் தாண்டின. 2016-இல் உச்ச நீதிமன்றமே ஏன் இத்தனை என்று கடிந்துகொண்டது. சட்டமன்ற உரிமை மீறல் என்று சொல்லி ஆசிரியரை உள்ளே தள்ளுவது இன்னொரு வழி. 1987-இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே ஓரிரு நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் அதை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்துக்கொண்டார். பாருங்கள், தண்டித்தவர் யார், எதற்காக, எந்தத் தேதியில் என்பதெல்லாம் சபைக் குறிப்பில் இருந்தது. அதனால்தான் அவரால் வழக்குப் போட்டு ஜெயிக்க முடிந்தது.

இப்போது 38 வருடம் தள்ளி வாருங்கள், அதே விகடன் குழுமம். 2025 பிப்ரவரி. அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு போட்டுத் திருப்பி அனுப்பியது பெரிய செய்தியாக இருந்த வாரம். பிரதமர் மோடி டிரம்ப் பக்கத்தில் விலங்கோடு உட்கார்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் 'விகடன் ப்ளஸ்' இணைய இதழின் அட்டையில் வந்தது. பிப்ரவரி 15 இரவு பலருக்கு விகடன் இணையதளமே திறக்கவில்லை. சித்திரம் இருந்த பக்கம் மட்டும் இல்லை, முழுத் தளமும். முதலில் நிறுவனத்துக்கே காரணம் சொல்லப்படவில்லை. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. மார்ச் 6 அன்று, அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1950-இல் தாப்பருக்குக் கெஜட் கிடைத்தது. 2025-இல் வாசகனுக்குக் கிடைத்தது "இந்தத் தளத்தைத் திறக்க முடியவில்லை" என்ற ஒரு வரி. நெட் போய்விட்டதோ என்று மோடத்தை அணைத்துப் போட்டவர்களை எனக்கே தெரியும்.

இப்படி முடக்க எது வழிவிடுகிறது என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணையத்தில் எதையும் முடக்கச் சொல்லும் அதிகாரம் மத்திய அரசுக்கு அதில் இருக்கிறது. அதற்கான 2009-ஆம் வருட விதிகளில் 16-ஆம் விதி, முடக்கச் சொன்ன கோரிக்கை, புகார், எடுத்த நடவடிக்கை எல்லாவற்றையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் எழுதியது புண்படுத்துகிறது என்று சொல்லி ஆளைக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்ததை எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றும் சொன்னார்கள். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதனால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம் என்பது அதற்குச் சொன்ன சமாதானம். எழுதிய காரணத்தைக் கண்ணில் காட்டாவிட்டால் எதை எதிர்த்து வழக்குப் போடுவது? அந்தக் கொண்டாட்டத்தில் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டது தப்பு. நானும்தான்.

ஒரு உதாரணம் போதும். வரதட்சணை எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவதாகக் கேலி செய்யும் 'டௌரி கால்குலேட்டர்' என்ற தளம். வரதட்சணையை நக்கலடிப்பதுதான் நோக்கம். 2018-இல் அதை முடக்கினார்கள். அது முடங்கியதை உருவாக்கியவர் தாமாகத்தான் தெரிந்துகொண்டார். உத்தரவைக் கேட்டால் விதி 16-ஐக் காட்டினார்கள். 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் முடக்க உத்தரவின் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டிய நிலை வந்தது. நான்கு வருடம், ஒரு தாளைப் பார்க்க!

முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஆர்.டி.ஐ. சட்டம் இருக்கிற நாட்டில், 'எந்தெந்தத் தளத்தை, எந்தப் பதிவை, யார் சொல்லி முடக்கினீர்கள்' என்று ஆர்.டி.ஐ. போட்டால் கிடைப்பதில்லை. 2024 அக்டோபரிலிருந்து 'சகயோக்' என்று ஒரு போர்ட்டல் வேறு. இதன் வழியாகப் பல துறை அதிகாரிகளும் காவல் துறையினரும் சமூக ஊடக நிறுவனங்களுக்கு நேராகவே 'நீக்கு' என்று நோட்டீஸ் அனுப்பலாம். 69ஏ-இல் இருக்கிற குழு, மறுஆய்வு போன்ற சடங்குகள்கூட இங்கே கிடையாது. எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீவிரவாத வீடியோவையும் குழந்தைகளைச் சுரண்டும் படங்களையும் உடனே எடுக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எடுத்தபின், எடுத்தோம் என்று ஒரு பட்டியல் போடுவதில் என்ன நஷ்டம் என்றுதான் கேட்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 'தனிநபர் விவரம்' என்பது ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு. பழைய வாசகம் இப்படி இருந்தது: பொது நடவடிக்கையோடும் பொதுநலனோடும் சம்பந்தமில்லாத, அல்லது ஒருவரின் தனிமையில் தேவையில்லாமல் நுழைகிற சொந்த விவரத்தைத் தர வேண்டியதில்லை, ஆனால் பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம். அதோடு ஒரு அருமையான பின்குறிப்பு: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. ஆதார் எண்ணையும் நோய் விவரத்தையும் காப்பாற்ற இந்த வாசகமே போதுமாக இருந்தது. 2023-ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, தனிநபர் தகவல் என்றால் விலக்கு என்று மட்டும் மிச்சம் வைத்தது. பின்குறிப்பும் போனது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. தரவுகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுத்தவர்கள், ஆர்.டி.ஐ.-யைக் குறைக்கும் இந்த வரிக்கு ஒரு நாள்கூட அவகாசம் கொடுக்கவில்லை.

அரசு தரப்பில் சொல்வது, 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, பொதுநலன் அதிகமென்றால் அதன்படி கொடுக்கலாமே என்று. உண்மைதான், இருக்கிறது. ஆனால் முன்பு 'இது சொந்த விஷயம்தானா' என்ற கேள்வியைத் தாண்டித்தான் அலுவலர் மறுக்க முடியும். இப்போது பெயர் இருந்தாலே மறுத்துவிட்டு, பொதுநலனை நிரூபிக்கும் சுமையை உங்கள் தலையில் வைத்துவிடலாம். ஊழலுக்கு எப்போதும் ஒரு பெயர் இருக்கும். ராஜஸ்தானில் அன்று படித்த வருகைப் பதிவேடு முழுக்கப் பெயர்கள்தான். பெயரை எடுத்துவிட்டுப் படித்திருந்தால் செத்தவன் கூலி வாங்கியதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

இந்தச் சட்டம் உங்களைப் போன்ற எழுதுகிறவர்களையும் தொடும். முந்தைய வரைவுகளில் இதழியலுக்கு விலக்கு இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் இல்லை. அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. உள்ளூர்ச் செய்தி எழுதும் ஒருவர் மீது யாரும் அவ்வளவு போட மாட்டார்கள். ஆனால் மிரட்டலுக்கு ஒரு நோட்டீஸ் போதும்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

மறுப்பு வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு மேலே இருக்கும் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் யார் என்பதை மறுப்புக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும் என்று 7(8) பிரிவு சொல்கிறது. உங்களுக்கு வந்த ஒரு வரிப் பதிலில் இது எதுவும் இல்லை என்பதையே முதல் வாதமாக வையுங்கள்.

முக்கியமான வாதம் வேறொன்று, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் 4(1)(பி) பிரிவில், யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டிய 17 இனங்கள் இருக்கின்றன. அதில் 12-ஆவது: மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம். இந்தப் பிரிவை யாரும் திருத்தவில்லை. தாமாகவே சுவரில் ஒட்ட வேண்டிய பட்டியலைக் கேட்டவனுக்குத் தனிநபர் விவரம் என்று சொல்லி எப்படி மறுக்க முடியும்? மனுவில் இப்படி எழுதுங்கள்: "பயனாளியின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவற்றை நான் கோரவில்லை. பயனாளியின் பெயர், வார்டு, விடுவிக்கப்பட்ட தவணைத் தொகை, தேதி ஆகியவற்றை மட்டும் கோருகிறேன். தர இயலாத பகுதி இருப்பின் பிரிவு 10-இன்படி அதை மட்டும் மறைத்து எஞ்சியதை வழங்கவும்." பிரிவு 10 எனக்குப் பிடித்த பிரிவு. கறுப்பு மை பூசிக் கொடுக்கலாம் என்கிறது. பூசட்டும். எந்த இடத்தில் பூசினார்கள் என்று நமக்குத் தெரிகிறது அல்லவா.

கூடவே 8(2)-ஐயும், மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருக்கே என்கிற 19(5)-ஐயும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நீளமாகத் திட்டி எழுத வேண்டாம். கோபத்தைப் படித்துவிட்டு கோரிக்கையை விட்டுவிடுவார்கள். இன்னொரு மனுவில் வேலை ஆணை, தவணை விடுவிப்புக்கு முன் பொறியாளர் எடுத்த ஆய்வுக் குறிப்பு, மன்றத் தீர்மானம் ஆகியவற்றைத் தனியாகக் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றதில் பாதி விஷயம் வெளியே வந்துவிடும். நகல் கேட்பதற்குப் பதிலாகக் கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் கேட்கலாம், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

முதல் மேல்முறையீட்டில் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே தாமதம் ஆகும், மனத்தைத் தயார்செய்து கொள்ளுங்கள். தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைப் போட வேண்டும் என்று நீங்கள் கேட்டால்தான் அந்தப் பேச்சே வரும்.

ஊர் சின்னது, ஆட்கள் தெரிந்தவர்கள் என்றால் வீட்டு முகவரி தர யோசிப்பீர்கள். தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பெட்டி எண்ணை எழுதலாம். மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறம், அந்த ஒரு வரிப் பதில் வந்த கவரைக் கிழித்துப் போட்டிருந்தால் குப்பையில் தேடி எடுத்துவிடுங்கள். கடிதத்தில் ஒரு தேதி போட்டுவிட்டுப் பதினைந்து நாள் கழித்துத் தபாலில் சேர்க்கிற அலுவலகங்கள் உண்டு. உங்கள் 30 நாள் எப்போது தொடங்கியது என்பதற்குக் கவரில் இருக்கும் முத்திரைதான் சாட்சி.